ஐந்தரைக் கட்டை

முதல் எட்டு மாதம் மாஸ்டர் என் கையில் சாவியைக் கொடுக்கவில்லை. பியானோவுக்குள் கம்பிகள் சுற்றியிருக்கும் இரும்பு முளைகளைத் திருப்புகிற நீளக் கைப்பிடிக்கு அவர் வைத்த பெயர் சாவி. வேறு சிலர் அதை டியூனிங் ஹேமர் என்பார்கள். அதைக் கொண்டு யாரும் எதையும் அடிப்பதில்லை என்பதால் மாஸ்டருக்கு அந்தப் பெயர் பிடிக்காது.

அந்த எட்டு மாதமும் தூசுதான் என் வேலை. மேல் பலகையைக் கழற்றுவேன். கட்டைகளை ஒவ்வொன்றாக உருவி எண் வரிசையில் துணிமேல் அடுக்குவேன். அடியில் பென்சில் கிடக்கும், ஹேர்பின் கிடக்கும், பழைய பத்துப் பைசா கிடக்கும், எலி இழுத்து வந்த நிலக்கடலைத் தோல் கிடக்கும். எல்லாம் எடுத்து, துடைத்து, திரும்ப அடுக்குவேன். 88 கட்டைகள், 52 வெள்ளை, 36 கறுப்பு. கம்பிகள் ஏறக்குறைய 230. ஒவ்வொரு கம்பியும் எழுபது, எண்பது கிலோ பாரத்துக்கு இழுபட்டு நிற்கிறது. எல்லாவற்றையும் கூட்டினால் 20 டன்னை நெருங்கும். வார்ப்பிரும்புச் சட்டம் ஒன்று உள்ளே இருந்து அதைத் தாங்குகிறது. "மரப்பொட்டின்னு நெனைக்காதம்மா. லோடு லாரி நின்னுட்டு இருக்குன்னு நெனச்சுத் தொடு" என்பார் மாஸ்டர்.

நான் கொல்லிமலைக்காரி. எடப்புளி நாடு. காரவள்ளியில் ஏறத் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவு கடந்தால் எங்கள் மலை. அங்கே பல சிற்றூர்கள் சேர்ந்தது ஒரு நாடு. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு என்று வரிசையாக உண்டு. அப்பா சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறார். கொஞ்சம் சாமை, கொஞ்சம் மரவள்ளி, வீட்டைச் சுற்றிப் பலா. பியானோவை நான் முதன்முதலில் நேரில் பார்த்தது இருபத்தோரு வயதில், சென்னையில் ஓர் இசைக்கருவிக் கடையின் கிடங்கில் கணக்கு எழுத வேலைக்குச் சேர்ந்தபோது.

மாஸ்டர் அந்தக் கிடங்குக்கு வாரம் இரண்டு முறை வருவார். ஒரு நாள் நான் ரசீது எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு கட்டையை அழுத்தியபடியே என்னைப் பார்த்து, "எத்தனை சத்தம் கேக்குது?" என்றார். "ஒன்னுதான் சார். ஆனா அதுக்குள்ள என்னமோ ஆடுது" என்றேன். அவர் கட்டையிலிருந்து விரலை எடுக்கவில்லை. சத்தம் தேய்ந்து அடங்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுவாரம் கடைக்காரரிடம் பேசி என்னை உதவிக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த ஆட்டத்துக்கு எங்கள் பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தில் பெயர் உண்டு: விம்மல். அதிர்வெண்ணில் மிகச் சிறிய வேறுபாடுள்ள இரண்டு ஒலிகள் சேர்ந்தால் ஒலி ஏறி இறங்கி விம்மும். வேறுபாடு எத்தனையோ, விநாடிக்கு அத்தனை விம்மல். இரண்டு மதிப்பெண் கேள்வி. மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறேன். விம்மல் என்று அதற்குப் பெயர் வைத்த தமிழாசிரியர் யாரோ, அவருக்கு நல்ல காது இருந்திருக்க வேண்டும். பியானோவில் மேல் பாதிக் கட்டைகளுக்குக் கட்டைக்கு மூன்று கம்பிகள். கீழே போகப் போக இரண்டு. அடியில் ஒன்றே ஒன்று, செம்புச் சுருள் சுற்றியது. மூன்று கம்பியும் ஒன்றுபோல் நின்றால் ஒரே சத்தம். ஒன்று மயிரிழை விலகினாலும் விம்மும்.

ஒன்பதாம் மாதம் சாவி கைக்கு வந்தது. இரண்டு கம்பிகளுக்கு நடுவே ரப்பர் ஆப்புச் செருகி ஒன்றை ஊமையாக்கிவிட்டு, மற்ற இரண்டையும் ஒன்றாக்கு என்றார். வாவ்-வாவ்-வாவ் என்று ஆடிக்கொண்டிருந்தது, முளையை மணிக்கூண்டு முள் நகர்கிற அளவுக்குத் திருப்பியதும் வா...வ், வா...வ் என்று நீண்டது. இன்னும் கொஞ்சம். ஒரு விம்மல் முடியவே ஐந்து விநாடி ஆனது. பிறகு அதுவும் நின்றது. இரண்டு கம்பிகள் சேர்ந்து ஒரே நேர்கோடாக ஒலித்த அந்த நொடியில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. மாஸ்டர், "இப்ப நல்லா ஓங்கி அடி" என்றார். அடித்தேன். கம்பி இறங்கிவிட்டது, விம்மல் திரும்பி வந்தது.

அடுத்த ஓராண்டுக்கு இதுதான் பாடம். முளையின் தலை திரும்பும். அடிப்பகுதி மரத்துக்குள் இறுகி அப்படியே இருக்கும். இரண்டுக்கும் நடுவே முளை முறுக்கிக்கொள்ளும். கை எடுத்ததும் அந்த முறுக்கு பழைய இடத்துக்கு இழுக்கும். கம்பியும் தான் உரசிப் போகும் இடங்களில் ஒட்டிக்கொண்டு, ஒரு பகுதி இறுக்கமாகவும் ஒரு பகுதி தளர்வாகவும் நிற்கும். அதனால் வேண்டிய இடத்தைச் சற்றே தாண்டி ஏற்றி, மெல்லத் தழைத்து, கட்டையை ஓங்கி அடித்துக் கம்பியின் இழுவையைச் சமமாக்கி, முளை மரத்துக்குள் அமரும்படி விட வேண்டும். இது காதின் வேலையா கையின் வேலையா என்று கேட்டால், கையின் வேலை. காது தப்பை மட்டும் சொல்லும்.

மாஸ்டர் முதன்முதலாக என்னைத் தனியே அனுப்பிய வீட்டில் ஒரு நாள் முழுக்க உழைத்து 88 கட்டையும் சேர்த்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் அந்த வீட்டிலிருந்து போன். பாதிக் கட்டைகள் கசக்கின்றன. மாஸ்டர் கோபிக்கவில்லை. "நீ சேத்துட்டு வந்திருக்க. நிறுத்தல" என்றார்.

நிறுத்துவது என்ற சொல் என்னை எங்கேயோ கொண்டுபோனது. எங்கள் மலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றி வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாட்டு, எனக்குப் பள்ளியில் சொல்லித்தந்த பாட்டு. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று துளைத்த வில் திறத்தைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அந்த வில்லாளியை வியந்த பாணர் கூட்டம் பாடத் தொடங்கும் முன் என்ன செய்தது என்பதும் பாட்டில் இருக்கிறது. முழவைச் சீர்செய்யச் சொல்கிறார்கள். யாழைப் பண்ணில் நிறுத்தச் சொல்கிறார்கள். நரம்பை முறுக்குவது வேறு, நிறுத்துவது வேறு என்று அந்தப் பாணருக்குத் தெரிந்திருக்கிறது. ஓரியின் மலையில் பிறந்த எனக்கு அதைச் சென்னையில் ஒரு கிழவர் சொல்லித்தர வேண்டியிருந்தது.

சுருதி சேர்ப்பதில் அடுத்த படிதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழில் குரலுக்கு இளி, அதாவது சட்ஜமத்துக்குப் பஞ்சமம், காதுக்கு மிக இனிய உறவு. தம்புராவில் கேட்பது அதைத்தான். சுத்தமான இளியில் விம்மலே இராது. அப்படிச் சுத்தமாக இளிக்கு இளி, இளிக்கு இளி என்று பன்னிரண்டு முறை ஏறினால் ஏழு ஸ்தாயி தாண்டித் தொடங்கிய சுரத்துக்கே வந்து சேர வேண்டும். வந்து சேராது. அரைச்சுரத்தில் ஏறக்குறைய கால் பங்கு மிஞ்சிப் போய்விடும். உலகத்தின் எல்லா இசைக்காரர்களும் முட்டிக்கொண்ட சுவர் இது. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டது இந்தச் சுருதிப் பங்கீட்டைப் பற்றித்தான்.

பியானோக்காரர்கள் கண்ட வழி, அந்த மிச்சத்தைப் பன்னிரண்டு இளிகளுக்கும் சமமாகப் பகிர்வது. ஒவ்வொரு இளியும் அரைச்சுரத்தில் ஐம்பதில் ஒரு பங்கு குறுக வேண்டும். நடு சி-க்குக் கீழே ஏ என்னும் ஆறு கட்டைக்கும் அதன் மேலுள்ள இ என்னும் மூன்று கட்டைக்கும் நடுவில் நான்கு விநாடிக்கு மூன்று விம்மல் கேட்க வேண்டும். எஃப் என்னும் நான்கு கட்டையையும் அதன் மேலுள்ள அதே ஆறு கட்டையையும் சேர்த்து அழுத்தினால் விநாடிக்கு ஏழு. இசைக்கவை தரும் 440 அதிர்வெண்ணில் தொடங்கி நடு ஸ்தாயியில் இந்தப் பன்னிரண்டையும் இட்டுவிட்டால், மிச்சமெல்லாம் அதை மேலும் கீழும் எடுத்துப் போவதுதான். எனக்கு வராமல் போனதற்குக் காரணம் இருந்தது. காது இளியைச் சுத்தமாகக் கேட்டதும் கை தானாக நின்றுவிடும். "அழகா இருக்குல்ல? அங்கருந்து இறக்கு" என்பார் மாஸ்டர். ஒவ்வொரு முறையும் அந்த அழகைக் கெடுக்க மனம் வராது. பதினொன்றிலும் பிடிவாதமாகச் சுத்தம் வைத்தால் பன்னிரண்டாவது இளி ஓநாய்போல் ஊளையிடும். இது கைவர எனக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது.

கட்டைக் கணக்கை இங்கே சொல்லிவிடுகிறேன். பாடகர்கள் 'ஒரு கட்டை', 'நாலரைக் கட்டை' என்பதெல்லாம் ஆர்மோனியத்திலிருந்து வந்த பேச்சு. சி என்பது ஒரு கட்டை. அங்கிருந்து வெள்ளைக் கட்டைகளை எண்ணிக்கொண்டு போக வேண்டும். நடுவிலுள்ள கறுப்பு அரை. மாஸ்டர் பியானோவுக்கும் அப்படித்தான் சொல்வார். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவிலுள்ள கறுப்பு, ஐந்தரை. நம் பாடகிகள் பலர் சட்ஜமம் வைத்துக்கொள்ளும் இடம். என் வாழ்வின் மிக முக்கியமான மாலை அந்த ஒரு கட்டையைச் சுற்றியே அமைந்தது.

சென்னையில் பியானோ புதிதல்ல. அண்ணா சாலை மியூசி மியூசிக்கலின் வேர் 1842இல் தொடங்கிய மிஸ்குவித் கம்பெனி. மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893இல் பிறந்தது. ஆனாலும் ஒருவர் தனியாக உட்கார்ந்து மாலை முழுதும் வாசிக்கும் பியானோ கச்சேரி இங்கே அரிதுதான். அந்த வகைக் கச்சேரிக்கு ஐரோப்பாவிலேயே வயது இருநூறு ஆகவில்லை. அதற்கு முன் ஒரு பாட்டு, ஒரு வயலின், ஒரு வாத்தியக் குழு என்று கலந்துதான் நடக்கும். ஃபிரான்ஸ் லிஸ்ட் 1839இல் தனியாக வாசித்துப் பார்த்தார். 1840இல் லண்டனில் அதற்கு ரிசைட்டல் என்று பெயர் வைத்தார். கவிதையைத்தானே ஒப்பிப்பார்கள், பியானோவை எப்படி ஒப்பிப்பது என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். தாளைப் பாராமல் வாசிப்பதை அவரும் கிளாரா ஷூமானும் வழக்கமாக்கினார்கள். லிஸ்ட் வாசிப்பில் கம்பி அறுவது சாதாரணம் என்பதால் மேடையில் இரண்டு பியானோ வைத்துக்கொண்டதும் உண்டு. அன்றைக்குச் சட்டங்கள் இன்றுபோல் வலுவில்லை.

நம் கச்சேரி மேடையை நினைத்துப் பாருங்கள். பின்னால் தம்புரா. பக்கத்தில் வயலின். இரண்டு பாட்டுக்கு நடுவே வீணைக்காரர் பிரடையைத் திருகுவார். மிருதங்கக்காரர் கல்லால் தட்டிச் சரிசெய்வார். பியானோ வாசிக்கிறவரோ மேடையில் தன் கருவிக்குத் தானே சுருதி சேர்க்க முடியாத கலைஞர். 230 கம்பியை யார் மேடையில் திருகுவது? அவர் வரும் முன் வந்து, வேலையை முடித்து, அவர் வரும்போது இல்லாமல் போகிற இன்னொருவரை நம்பித்தான் அவர் உட்காருகிறார். அந்த நம்பிக்கையை நினைத்தால் இன்றும் எனக்குக் கை குளிர்ந்துவிடும்.

கார்த்திகை மாதம். மழை விட்டு இரண்டு நாள். ஓர் அம்மையார் வாசிக்கப்போகிறார். முழுவதும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ரொமாண்டிக் இசை. முதல் பாதியில் ஷூமான் 1838இல் எழுதிய பதின்மூன்று சின்னஞ்சிறு துண்டுகள் அடங்கிய குழந்தைப் பருவக் காட்சிகள், பிராம்ஸ் கடைசிக் காலத்தில் எழுதிய ஓர் இன்டர்மெட்சோ. இரண்டாம் பாதி முழுக்க ஷோபான். ரொமாண்டிக் இசை சுருதி சேர்ப்பவரைச் சோதிக்கும் இசை. நீண்டு பாடும் சுரங்கள். வலது பெடலை மிதித்தால் எல்லாக் கம்பியும் விடுபட்டு ஒன்றுக்கொன்று அதிரும். ஒரு கட்டையின் குறை பத்துக் கட்டைக்குப் பரவும். வேகமாகத் தாவும் இசையில் ஒளிந்துகொள்ளும் தப்பு இதில் ஒளிய இடமே இல்லை.

காலையில் அந்த அம்மையார் வந்து அரைமணி நேரம் வாசித்துப் பார்த்தார். எழுந்து, ஐந்தரைக் கட்டையை மட்டும் மெதுவாக நாலைந்து முறை தட்டினார். "இது மட்டும் பக்கத்துல இருக்கறதைவிட கொஞ்சம் கூர்மையா இருக்கு. ஷோபான்ல இது நிறைய வரும்" என்றார். நிறைய என்று அவர் சொன்னது ஷோபானின் 28ஆம் ஓபஸ், பதினைந்தாவது பிரிலூடில். இருபத்து நான்கு பிரிலூடுகளில் மிக நீளமானது. 1838-39 குளிர்காலத்தில் மயோர்க்கா தீவின் ஒரு பழைய மடத்தில், உடம்பு முடியாமல் கிடந்தபோது அந்தத் தொகுப்பை அவர் முடித்தார். பாரிஸிலிருந்து அனுப்பிய நல்ல பியானோ சுங்கத்தில் மாட்டிக்கொண்டு ஜனவரியில்தான் வந்து சேர்ந்தது. அதுவரை உள்ளூர்ப் பியானோ ஒன்றில் காலம் தள்ளியிருக்கிறார். அந்தப் பதினைந்தாவது பிரிலூடில் ஐந்தரைக் கட்டை தொடக்கம் முதல் கிட்டத்தட்ட முடிவுவரை விடாமல் ஒலிக்கும். முதலில் அதற்கு ஏ பிளாட் என்று பெயர். நடுவில் இசை இருண்டதும் அதே கட்டைக்கு ஜி ஷார்ப் என்று பெயர். பெயர் மாறும், இருட்டு வரும், போகும்; கட்டை மாறாது. அந்த ஒரு கட்டையின் மூன்று கம்பி பிசகினால் ஐந்து நிமிடப் பாட்டும் போயிற்று.

கூர்மைக்குக் காரணம் கம்பியை அடிக்கும் சுத்தியின் முனை. கம்பளியை அழுத்திச் செய்த ஃபெல்ட், அடிபட்டு அடிபட்டு இறுகிவிடும். மெல்லிய ஊசிகளால் குத்தி இழைகளைத் தளர்த்தினால் சத்தம் உருண்டு வரும். ஒரு குத்து அதிகமானால் சுத்தி செத்துவிடும். அன்றைக்கு அதைத் திரும்ப உயிர்ப்பிக்க வழியில்லை. மாஸ்டர் ஊசிக் கைப்பிடியை எடுத்தார். கை நடுங்கியது. எழுபதைத் தாண்டியவர். சற்று நேரம் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "நீ குத்து." முனையில் தொடாதே, தோளில் குத்து என்பது அவர் பாடம். தோளில் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று குத்தி, சுத்தியை வைத்து, தட்டிக் கேட்டேன். போதவில்லை. இன்னும் ஒன்று. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "விட்டுடு" என்றார்.

காலையிலிருந்தே ஏ.சி. ஓட வேண்டும் என்று அரங்கத்தாரிடம் கேட்டிருந்தோம். சரி என்றார்கள். ஐந்து மணிக்குத்தான் போட்டார்கள். குளிர்ந்தால் கம்பி இறுகிச் சுருதி ஏறும். மேடை விளக்கின் சூட்டில் தளர்ந்து இறங்கும். அடியிலுள்ள மரப்பலகை மழையில் உறிஞ்சிய ஈரத்தை விட நாள் கணக்கில் ஆகும். மூன்றும் மூன்று திசைக்கு இழுத்தால் நான் என்ன சேர்த்தும் பயனில்லை. முதல் பாதியைப் பக்கவாட்டுக் கதவருகே நின்று கேட்டேன். ஷூமானின் ஏழாவது துண்டு, கனவு என்று பெயர், எல்லாரும் அறிந்தது. அரங்கமே மூச்சு விடாமல் இருந்தது. எனக்குக் கனவு கேட்கவில்லை. நடு ஸ்தாயியில் ஐந்தரை மெல்ல விம்மத் தொடங்கியதுதான் கேட்டது. மாஸ்டரைப் பார்த்தேன். அவரும் கேட்டிருந்தார்.

இடைவேளை பதினைந்து நிமிடம். பாதிப் பேர் காபிக்குப் போக, பாதிப் பேர் பார்த்திருக்க, சாவியோடு மேடைக்குப் போனேன். இரண்டு ஆப்பு. நடுக் கம்பி நின்றிருந்தது. இடது கம்பி இறங்கியிருந்தது. எடப்புளி நாட்டில் பிறந்த நான் இருநூறு பேர் முன்னால் எதற்கும் நின்றதில்லை. ஏற்றினேன், தழைத்தேன், ஓங்கி அடித்தேன், மறுபடி அடித்தேன். நின்றது. மற்ற எதையும் தொடாதே என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். ஒன்றைத் தொட்டால் பத்தைத் தொடத் தோன்றும். ஆப்பை உருவிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அந்தப் பிரிலூடுக்கு மழைத்துளி என்று பெயர் வழங்குகிறது. ஷோபான் வைத்த பெயரல்ல அது. தகரக் கூரையில் மழை கேட்டு வளர்ந்தவள் நான். ஊர் நினைவு வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். வரவில்லை. நான் கேட்டது மூன்று கம்பியை மட்டும். தட், தட், தட் என்று அந்த ஒரு கட்டை விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு விழுகைக்கும் என் முதுகுத்தண்டு காத்திருந்தது. நடுவில் கீழ்ச்சுரங்கள் கூடி இடிபோல் ஏறின. பெடலில் எல்லாக் கம்பியும் முழங்கின. அதற்குள்ளிருந்தும் ஐந்தரை ஒற்றைக் கோடாக வந்தது. திரும்ப வெளிச்சம் வந்தபோது அது அப்படியே நின்றிருந்தது. மாஸ்டர் என் தோளில் கை வைத்தார்.

ஆடியில் ஓரி விழாவுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவுக்குக் கைப்பேசியில் அந்தப் பிரிலூடைப் போட்டுக் காட்டினேன். திண்ணையில் உட்கார்ந்து முழுதும் கேட்டார். "ஒரே எடத்துலயே தட்டிக்கிட்டு இருக்காங்க. பலா பழுத்திருச்சான்னு தட்டுற மாதிரி" என்றார். பிறகு, "திரும்பப் போடு" என்றார்.

மாஸ்டர் இப்போது வேலைக்கு வெளியே போவதில்லை. அவர் பார்த்துவந்த வீடுகளையும் பள்ளிகளையும் தேவாலயங்களையும் நான் பார்க்கிறேன். எல்லாவற்றுக்கும் என் ஒருத்தியின் கை போதவில்லை. மலையிலோ சமவெளியிலோ, ஒரே சத்தத்துக்குள் ஏதோ ஆடுகிறது என்று சொல்லும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் என்னிடம் அனுப்புங்கள். சொல்லித்தருகிறேன். முதல் எட்டு மாதம் தூசு துடைக்க வேண்டியிருக்கும்.